கவர் போட்டு மூடிய கம்ப்யூட்டரில் பூஞ்சை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்களில் பலர் கடைக்காரரிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இதற்கு கவர் தருவீர்களா?" என்பதுதான் அது. மானிட்டருக்கு ஒன்று, சிபியுவுக்கு ஒன்று, கீ போர்டுக்கு ஒன்று என பிளாஸ்டிக் கவர்கள் வீட்டுக்கு வந்து சேரும். வேலை முடிந்து கம்ப்யூட்டரை அணைத்தவுடன், சூடு ஆறும் முன்பே அவற்றை மாட்டி விடுவோம். தூசி படியாமல் இருக்கத்தானே என்பீர்கள். சித்திரை, வைகாசியில் அது சரிதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் நாள் கணக்கில் ஓடாமல் இருக்கும் கம்ப்யூட்டருக்கு இதே கவர் பகையாகி விடுகிறது. உள்ளே ஈரம் தங்கி, பூஞ்சை வளர நாமே கூடாரம் அடித்துக் கொடுத்தது போல ஆகி விடும்.

நான் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதியில். இங்கே மழைக்காலம் முடிந்து தை பிறக்கும் நேரத்தில் ஒரே மாதிரியான புகார்கள் வரிசையாக வரும். "ஆன் ஆகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை." "கீ போர்டில் நாலு எழுத்து மட்டும் வேலை செய்யவில்லை." "சிபியுவைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது." கழற்றிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஈரத்தின் வேலையாகத்தான் இருக்கும்.

இந்தப் பகுதியின் அமைப்பு அப்படி. ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, ஒரகடம் ஏரி, கீழே செம்பரம்பாக்கம் என்று ஏரிகளும் அவற்றின் வாய்க்கால்களும் பின்னிக் கிடக்கும் ஊர்கள் இவை. 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்தது. 2010ல் ஒரகடத்தில் ரெனோ - நிசான் தொழிற்சாலை வந்தது. வேலைக்கு வந்தவர்கள் தங்க, நெல் விளைந்த இடங்களில் வரிசை வரிசையாக வாடகை வீடுகள் எழும்பின. மழை நின்று பத்து நாள் ஆனாலும் இந்த வீடுகள் பலவற்றில் சுவரின் கீழ்ப்பகுதி ஓதம் ஏறி நிற்கும். சுண்ணாம்பு உதிரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலகம் முழுவதும் போகும் போன்களும் கம்ப்யூட்டர்களும் தயாரான, தயாராகிற மண் இது. 2006 முதல் 2014 வரை நோக்கியா இங்கே போன் செய்தது. டெல் நிறுவனம் 2007ல் கம்ப்யூட்டர் தயாரிக்கத் தொடங்கியது. சுங்குவார்சத்திரம் பக்கம் பாக்ஸ்கான் ஐபோன் செய்கிறது. இத்தகைய ஆலைகளின் உள்ளே காற்றின் ஈரப்பதம் அளந்து கட்டுப்படுத்தப்படும். ஈரத்தைத் தாங்காத சிப்கள் காற்றுப் புகாத பையில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடும், ஈரம் ஏறினால் நிறம் மாறும் ஓர் அட்டையோடும் வரும். அப்படிப் பொத்திப் பொத்திச் செய்த சாதனத்தை நாம் வாங்கி வந்து, ஓதம் ஏறிய சுவரை ஒட்டித் தரையில் வைத்து, மேலே பிளாஸ்டிக் கவரையும் மாட்டி விடுகிறோம்.

<b>ஒரு வீட்டில் நடந்தது</b>

வல்லம் பக்கம் குடியிருக்கும் நண்பர் ஒருவர் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு. அவளுக்காக மாதத் தவணையில் ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வாங்கினார். இரண்டாவது பிரசவத்துக்காக மனைவி அக்டோபர் மாதம் மகளையும் அழைத்துக் கொண்டு தாய் வீடு போய் விட்டார். நண்பருக்கு இரவு ஷிப்ட். கொசுவுக்கும் சாரலுக்கும் பயந்து ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருந்தார். கம்ப்யூட்டர் கவர் போட்டபடி இரண்டரை மாதம் அப்படியே இருந்தது.

டிசம்பர் மாதக் கடைசியில் எனக்கு போன் வந்தது. "அண்ணே, கவரை எடுத்தேன். கீ போர்டு மேல வெள்ளையா பஞ்சு மாதிரி இருக்கு. ஸ்பீக்கர் பொட்டியிலயும் இருக்கு. சுவிட்ச் போட்டுப் பார்க்கட்டுமா?"

"போடாதீங்க. பிளக்கைப் பிடுங்கிடுங்க. நான் வர்றேன்" என்றேன்.

அவர் கவலை கம்ப்யூட்டரைப் பற்றியது மட்டுமல்ல. மூத்த மகள் பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோக்கள் அதன் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருந்தன. அவற்றை எடுத்த பழைய போன் பஸ்ஸில் தொலைந்து போயிருந்தது. வேறு எங்கும் காபி கிடையாது. அவருடைய அப்பா பேத்தியைத் தூக்கி வைத்திருக்கும் ஒரே படமும் அதில்தான். அப்பா இப்போது இல்லை.

போய்ப் பார்த்தேன். அறைக்குள் நுழைந்தவுடன் ஈர வாடை. குறுக்கே கட்டிய கொடியில் அவருடைய யூனிபார்ம் இரண்டு ஜோடி, போர்வை, துண்டுகள். வெளியே மழை என்பதால் மூன்று மாதமாக அறைக்குள்தான் துணி காய்கிறது. ஒரு வாளித் துணியைப் பிழிந்து காயப் போட்டால் அதில் ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீராவது இருக்கும். அவ்வளவும் அந்த மூடிய அறையின் காற்றுக்குள்தான் போயாக வேண்டும். கூரை ஒழுகவில்லை, ஜன்னல் வழியே சாரல் அடிக்கவில்லை. அந்தக் கம்ப்யூட்டரை நனைத்தது கொடியில் தொங்கிய துணிதான்.

கீ போர்டில் விரல் அடிக்கடி படும் எழுத்துகளைச் சுற்றித்தான் பூஞ்சை அதிகம் இருந்தது. விரலின் எண்ணெய்ப் பசையும் தின்பண்டத் துகளும் அதற்கு உணவு. சிபியுவின் பின்பக்க ஸ்குரூக்கள் துரு ஏறியிருந்தன. மூடியைக் கழற்றினால் மின்விசிறியின் இறக்கையில் படிந்த தூசி, களிம்பு போல ஈரமாக ஒட்டிக் கொண்டிருந்தது.

அன்று நான் கம்ப்யூட்டரை ஓட வைக்க முயற்சி செய்யவே இல்லை. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி, துடைத்து, என் இடத்துக்கு எடுத்து வந்து, ஏசி அறையில் ஒரு முழு நாள் வெறுமனே வைத்தேன். சாதாரண ஹார்ட் டிஸ்க்கின் மேல் மூச்சு விடும் துளை ஒன்று சிறிதாக இருக்கும். அதை மூடாதே என்று பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். உள்ளே உள்ள காற்றின் அழுத்தம் வெளியே உள்ளதோடு சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக வைத்த துளை அது. வடிகட்டி இருக்கிறது, தூசி போகாது. ஆனால் ஈரக் காற்று மெல்ல மெல்லப் போகும். எனவே ஈரமான இடத்தில் கிடந்த டிஸ்க்கை உடனே சுழல விடாமல் காத்திருப்பது நல்லது. மறுநாள் யு.எஸ்.பி. கேஸ் ஒன்றில் மாட்டி, வேறு கம்ப்யூட்டரில் இணைத்து, போட்டோ போல்டர்களை முதலில் காபி செய்தேன். எல்லாம் வந்து விட்டன. அந்தத் தாத்தா படமும் வந்தது. அதன் பிறகுதான் மற்ற பாகங்கள் பக்கம் போனேன். ராம் பட்டையின் தங்க நிறத் தொடுமுனைகளைச் சுத்தம் செய்து மாட்டியதும் திரை வந்து விட்டது. கம்பி வலைக்குள் துரு தெரிந்ததால் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றச் சொன்னேன். கீ போர்டு குப்பைக்குப் போனது. முந்நூறு, நானூறு ரூபாய் கீ போர்டைக் கழுவிக் காய வைப்பது நேரத்துக்குக் கேடு.

<b>காற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது?</b>

பத்தடிக்குப் பத்தடி அறை, உயரமும் பத்தடி என்று வைத்துக் கொள்வோம். அதில் சுமார் 28 கன மீட்டர் காற்று இருக்கும். வெப்பம் 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் அந்தக் காற்றில் நீராவியாக இருக்கும் தண்ணீர் ஏறக்குறைய 650 கிராம். அரை லிட்டருக்கும் மேல்! கண்ணுக்குத் தெரியாது, கைக்குப் படாது.

ஈரப்பதம் இத்தனை சதவீதம் என்று ரேடியோவிலும் டிவியிலும் சொல்கிறார்களே, அது காற்று தாங்கக் கூடிய அதிகபட்சத் தண்ணீரில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு. சூடான காற்று அதிகம் தாங்கும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 30 கிராம் வரை தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். ஆகவே அதே காற்றைக் குளிர வைத்தால் ஈரப்பதம் கூடும், சூடாக்கினால் குறையும். 26 டிகிரியில் 90 சதவீதமாக உள்ள காற்று, 32 டிகிரிக்குச் சூடானால் சுமார் 64 சதவீதத்துக்கு இறங்கி விடும்.

பூஞ்சைக்குத் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. ஈரப்பதம் 70, 80 சதவீதத்தைத் தாண்டி நாள் கணக்கில் நின்றாலே போதும். 60க்குக் கீழே வைத்துக் கொண்டால் பெரும்பாலும் வளராது.

இப்போது புரிந்திருக்கும். ஓடிக் கொண்டிருக்கும் கம்ப்யூட்டரின் உள்ளே அறையை விட சில டிகிரி சூடு அதிகம். அதனால் அதன் உள்காற்று உலர்ந்தே இருக்கும். தினமும் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் பூஞ்சை பிடித்து நான் அதிகம் பார்த்ததில்லை. பூட்டி வைத்ததில்தான் பிடிக்கிறது. கேமரா ஸ்டுடியோக்காரர்கள் லென்ஸ் வைக்கும் பெட்டியில் ஜீரோ வாட் பல்ப் ஒன்றை எரிய விட்டிருப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? அதே தத்துவம்தான். ஜீரோ வாட் என்று பெயரே தவிர, அந்தப் பழைய குண்டு பல்ப் பத்துப் பதினைந்து வாட் எடுத்துக் கொண்டு பெட்டியை வெதுவெதுப்பாக வைக்கும். அதற்காக சிபியுவுக்குள் பல்ப் மாட்டி விடாதீர்கள்!

நிறுத்தி வைத்த கார் இதற்கு நல்ல உதாரணம். புதுக் கார் வாங்கிய பலர் சீட் மேல் சுற்றி வந்த பிளாஸ்டிக்கை ஆறு மாதம் ஆனாலும் கிழிக்க மாட்டார்கள். மழையில் நனைந்த செருப்போடு ஏறி இறங்குவோம். மிதியடிக்குக் கீழே உள்ள கார்ப்பெட் தண்ணீரைக் குடித்துக் கொள்ளும். பிறகு தார்ப்பாய் போட்டு மூடி நிறுத்தி விட்டு ஊருக்குப் போய் விடுவோம். பகலில் உள்ளே சூடு ஏறி, கார்ப்பெட்டின் ஈரம் ஆவியாகும். இரவில் கண்ணாடியும் கூரையும் குளிர்ந்தவுடன் அது உள்பக்கமே துளித்துளியாகப் படியும். மறுநாள் மறுபடி ஆவி. தண்ணீர் வெளியேற வழியே இல்லை. இரண்டு வாரத்தில் ஸ்டியரிங்கில் வெள்ளைப் பூச்சு. மேற்கூரையை மடித்துத் திறக்கும் துணிக் கூரைக் கார்களில் இது இன்னும் மோசம். கூரை ஓரத்தில் தண்ணீர் வடியும் துளைகள் இலைச் சருகால் அடைத்தால், தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். சில கார்களில் எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் சீட்டுக்கு அடியிலும் கார்ப்பெட்டுக்கு அடியிலும் இருக்கின்றன. அவையும் நனையும். நல்ல மெக்கானிக் என்ன செய்வார்? வாசனை ஸ்பிரே அடிக்க மாட்டார். துளையின் அடைப்பை எடுப்பார், கார்ப்பெட்டைத் தூக்கிக் காய வைப்பார், தார்ப்பாய்க்குப் பதில் காற்றுப் போகும் துணிக் கவர் போடச் சொல்வார். கம்ப்யூட்டருக்கும் வைத்தியம் இதே வரிசையில்தான். முதலில் ஈரம் வரும் வழியை அடைக்க வேண்டும், பிறகு காய வைக்க வேண்டும். பூஞ்சையைத் துடைப்பது கடைசி வேலை.

<b>என்ன செய்யலாம்?</b>

பிளாஸ்டிக் கவரைத் தூக்கிப் போட்டு விட்டு, பழைய பருத்தித் துணி ஒன்றைப் பயன்படுத்துங்கள். அம்மாவின் நைந்த புடவை போதும். கம்ப்யூட்டரை அணைத்து அரை மணி நேரம் கழித்தே போர்த்துங்கள். ஓடும்போது எந்தத் துணியும் இருக்கக் கூடாது.

சிபியுவைத் தரையில் வைக்காதீர்கள். அரை அடி உயர ஸ்டாண்டு போதும். சுவரிலிருந்தும் அரை அடி தள்ளி இருக்கட்டும். ஓதம் ஏறும் சுவர் எது என்று மழை பெய்த மறுநாள் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், தெரிந்து விடும். அந்தச் சுவரின் பக்கம் கம்ப்யூட்டர் மேஜை வேண்டாம். துணி காயப் போடும் அறையில் கம்ப்யூட்டர் வேண்டாம். ஒற்றை அறை வீடு என்றால், துணி காயும் நேரத்திலாவது எதிர் எதிர் ஜன்னல் இரண்டைத் திறந்து விட்டு பேனைப் போடுங்கள்.

மழை மாதங்களில் வேலை இல்லாவிட்டாலும் தினமும் அரை மணி நேரம் கம்ப்யூட்டரை ஓட விடுங்கள். கரண்ட் பில் பற்றிப் பயம் வேண்டாம். சாதாரண டெஸ்க்டாப் 70 வாட் எடுக்கிறது என்று வைத்தால், தினம் அரை மணி நேரம், முப்பது நாளைக்கு ஏறக்குறைய ஒரு யூனிட்தான். இன்னொரு நன்மையும் உண்டு. மழைக்காலத்தில் எறும்புகள் இடம் தேடி சிபியுவுக்குள் குடியேறுவது வழக்கம். தினமும் மின்விசிறி சுற்றினால் அவை வேறு வீடு பார்த்துக் கொள்ளும்.

சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் கிடைக்கிறது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் கொடுப்பார்கள். வாங்கி மேஜை மேல் வையுங்கள். 60க்குக் கீழே என்றால் நிம்மதி. 75ஐத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் ஏதாவது செய்ய வேண்டும். ஏசி இருந்தால் ரிமோட்டில் டிரை மோட் இருக்கிறதா பாருங்கள். தண்ணீரை வெளியே தள்ளுவதற்கென்றே உள்ள வசதி அது. பலர் அதைத் தொட்டதே இல்லை.

ஏசி உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வெளியே 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கும் நாளில், 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருள் வெளிக் காற்றுக்கு வந்தாலும் அதன் மேல் தண்ணீர் படியும். பிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வியர்ப்பது போலத்தான். 22 டிகிரி அறையில் இருந்த லேப்டாப்பைத் திண்ணைக்கு எடுத்து வந்து உடனே திறந்து வேலை பார்த்தால் உள்ளேயும் இந்த வியர்வை இருக்கும். பையிலேயே வைத்து அரை மணி, முக்கால் மணி நேரம் விட்டு, பிறகு எடுங்கள். லேப்டாப் கையேட்டில் ஈரப்பதம் 90 சதவீதம் வரை இயங்கும் என்று போட்டிருக்கிறதே என்று கேட்கலாம். அதே வரியில் நீர் படியாத நிலையில் என்றும் போட்டிருப்பார்கள். அந்தச் சொல்லைத்தான் யாரும் படிப்பதில்லை.

<b>சிலிக்கா ஜெல், அரிசி, அந்துருண்டை</b>

புதுச் செருப்புப் பெட்டியிலும் கேமரா பெட்டியிலும் வரும் சிறு பொட்டலம்தான் சிலிக்கா ஜெல். தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை உறிஞ்சும். இதை சிபியுவுக்குள் போட்டால் போதுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நாற்பது லிட்டர் கொள்ளும் சிபியு பெட்டியின் காற்றில் ஒரு கிராம் தண்ணீர்கூட இருக்காது. பத்து கிராம் பொட்டலம் அதைச் சுலபமாகக் குடித்து விடும். ஆனால் சிபியுவில் எத்தனை துளைகள்! வெளிக் காற்று வந்து கொண்டே இருக்கும். அறையில் உள்ள 650 கிராமையும் அந்தப் பொட்டலம் குடிக்க வேண்டும் என்றால் நடக்குமா? ஆகவே டெஸ்க்டாப்புக்கு இதனால் பயன் இல்லை.

லேப்டாப்புக்கு உண்டு. இரண்டு மாதம் ஊருக்குப் போகிறீர்கள் என்றால், பேட்டரியை ஏறக்குறைய பாதி சார்ஜில் வைத்து அணைத்து, ரப்பர் வளையம் வைத்த காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், ஐம்பது முதல் நூறு கிராம் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். டப்பா உண்மையிலேயே இறுக மூட வேண்டும். ரெக்சின் பையில் போட்டு மர அலமாரியில் வைப்பது பூஞ்சைக்கு விருந்து வைப்பது. நீல நிறச் சிலிக்கா ஜெல் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். அந்த நீலத்துக்குச் சேர்க்கும் கோபால்ட் உப்பு நல்லதல்ல, குழந்தைகள் கைக்குப் போகக் கூடாது. ஆரஞ்சு நிறத்தில் வருவதை வாங்குவது மேல்.

அரிசி மூட்டைக்குள் புதைப்பது இன்னொரு நாட்டு வைத்தியம். நனைந்த போனை அரிசியில் வைக்காதீர்கள், அரிசித் துகள் உள்ளே போய் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024ல் தன் உதவிக் குறிப்பில் எழுதியது. காற்றாடிக்குக் கீழே வைப்பது அரிசியை விட நல்லது. அந்துருண்டை பூச்சியை விரட்டும், ஈரத்தை உறிஞ்சாது. துணி அலமாரிக்கு என்று கடைகளில் விற்கும், தண்ணீர் சேரும் டப்பாக்களில் இருப்பது கால்சியம் குளோரைடு. நன்றாக உறிஞ்சும், ஆனால் அந்தத் தண்ணீர் சிந்தினால் உலோகத்தை அரித்து விடும். சிபியு மேல் வைக்கவே கூடாது.

<b>பூஞ்சை வந்தே விட்டால்</b>

சுவிட்ச் போடக் கூடாது. தூசியும் ஈரமும் சேர்ந்த இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் மதர்போர்டின் மெல்லிய தடங்களுக்கு நடுவே உலோகம் அரித்து, பாலம் கட்டி ஷார்ட் ஆகும். காய்ந்த பிறகு போட்டிருந்தால் பிழைத்திருக்கக் கூடிய போர்டுகள் இந்த அவசரத்தால்தான் போகின்றன.

எல்லா ஒயர்களையும் பிடுங்கி, சிபியுவை வராந்தாவுக்கோ மொட்டை மாடி நிழலுக்கோ கொண்டு போங்கள். முகத்துக்கு மாஸ்க் போடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். காய்ந்த பிரஷ்ஷால் அறைக்குள் தட்டினால் பூஞ்சை வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, மேஜை பேன் காற்றில் ஒன்றிரண்டு நாள் வையுங்கள். நேர் வெயில் வேண்டாம், தலைமுடி டிரையர் வேண்டவே வேண்டாம்.

வெளிப்பாகங்களைத் துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால் வாங்குங்கள். 99 சதவீதம் என்று பார்த்து வாங்க வேண்டும். 70 சதவீதம் என்பதில் மீதி முப்பது தண்ணீர். எளிதில் தீப்பற்றும், அடுப்புப் பக்கம் வேண்டாம். துணியில் நனைத்துத் துடையுங்கள், கம்ப்யூட்டர் மேல் நேராகத் தெளிக்காதீர்கள். மானிட்டர் திரைக்கு ஆல்கஹால் கூடாது. மேல் பூச்சு போய் விடலாம். பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் மெல்லிய துணியை லேசாக நனைத்துத் துடைத்தால் போதும். பினாயில், பிளீச்சிங் பவுடர் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது.

காய்ந்த பிறகு ராம் பட்டையை எடுத்து, தொடுமுனைகளை ஆல்கஹால் துணியால் துடைத்து மாட்டுங்கள். நம் ஊர் மெக்கானிக்குகள் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்ப்பார்கள். மெதுவாகத் தேய்த்தால் குற்றமில்லை, ஆனால் ரப்பர் தூளைத் துடைத்து விட வேண்டும். தேதி, நேரம் மாறி மாறிக் காட்டினால் மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 என்ற பட்டன் பேட்டரியை மாற்றுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் நீங்கள் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கி இருக்கலாம்.

தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்ற புகாரை ஆரம்பத்தில் சொன்னேன். வீட்டில் எர்த் சரியில்லை என்பதன் அறிகுறி அது. காய்ந்த நாளில் லேசாகத் தெரிவது, ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும்போது பெரிதாகலாம். வாடகை வீடுதானே என்று விடாமல், எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் பார்க்கச் சொல்லுங்கள். முப்பது மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கிப் பொருத்துங்கள். கம்ப்யூட்டரை விட உயிர் பெரிது.

<b>வெள்ளமே வந்தால்</b>

2015 டிசம்பர் 1ம் தேதி பெய்த மழையையும், செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்ததையும் இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இங்குள்ள பெரிய தொழிற்சாலைகள் சிலவே உற்பத்தியை நிறுத்த வேண்டியதாயிற்று. கீழ்த்தள வீடு என்றால், கன மழை எச்சரிக்கை வந்த அன்றே சிபியுவைப் பரண் மேல் ஏற்றி விடுங்கள்.

தண்ணீர் ஏறி விட்டால் முதலில் மெயின் சுவிட்ச். அந்த சுவிட்சுக்குப் போகும் வழியே தண்ணீரில் இருந்தால் நீங்கள் போகாதீர்கள், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். யு.பி.எஸ். விஷயத்தில் கவனம். மெயின் போன பிறகும் அதன் பின்பக்க சாக்கெட்டில் 230 வோல்ட் இருக்கும். நனைந்த லேப்டாப்பை சார்ஜ் போடாதீர்கள். பேட்டரி தீப்பிடிக்கக் கூடும். முழுகிய ஹார்ட் டிஸ்க்கில் முக்கியமானவை இருந்தால், அதைக் கழுவவோ காய வைக்கவோ வேண்டாம். ஈரம் காய்ந்தால் சேறு தட்டின் மேல் ஒட்டிக் கொள்ளும். அப்படியே ஒரு பாலிதீன் பையில் கட்டி, டேட்டா மீட்கும் நிபுணரிடம் கொடுங்கள். செலவு ஆயிரக்கணக்கில் ஆகும். வாரண்டி பெரும்பாலும் தண்ணீரால் வந்த பழுதுக்குச் செல்லாது.

<b>பீரோவில் உள்ள கல்யாண சிடி</b>

கம்ப்யூட்டரை விட வேகமாக அழிந்து கொண்டிருப்பது ஒன்று உங்கள் பீரோவில் இருக்கிறது. பட்டுப் புடவைக்கு அடியில் வைத்திருக்கும் கல்யாண சிடிதான். 2001ல் மத்திய அமெரிக்காவின் பெலிஸ் நாட்டில் ஒரு சிடி நிறம் மங்கி, சில இடங்களில் கண்ணாடி போல ஆகி விட்டிருந்தது. ஸ்பெயின் விஞ்ஞானிகள் ஆராய்ந்தபோது, பூஞ்சை ஒன்று ஓரம் வழியாகப் புகுந்து அலுமினியப் பூச்சைத் தின்றிருந்தது தெரிய வந்தது. சிடியில் தகவல் இருக்கும் பூச்சு, பெயர் எழுதும் பக்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது. டிவிடியில் அது இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளுக்கு நடுவே இருப்பதால் கொஞ்சம் பாதுகாப்பு அதிகம்.

சிடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித் துளை போல வெளிச்சம் தெரிந்தால் அந்த இடம் போய் விட்டது. மேலே படிந்த பூஞ்சை மட்டும் என்றால், மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. இப்போது வரும் கம்ப்யூட்டர்களில் சிடி டிரைவ் இருப்பதில்லை. யு.எஸ்.பி.யில் இணைக்கும் டிவிடி டிரைவை நண்பரிடம் ஒரு நாள் இரவல் வாங்கினால் போதும். பழைய வீடியோ சிடியைத் திறந்தால் எம்.பி.இ.ஜி.ஏ.வி. என்ற போல்டர் இருக்கும். அதன் உள்ளே டி.ஏ.டி. என்று முடியும் பெரிய பைல்தான் உங்கள் கல்யாணம். அதை ரைட் கிளிக் செய்து காபி கொடுத்து, ஹார்ட் டிஸ்க்கில் ஒரு போல்டரில் பேஸ்ட் செய்யுங்கள். வி.எல்.சி. மீடியா பிளேயரில் அப்படியே ஓடும். நடுவில் நின்று விட்டால் சிடியைத் துடைத்து மறுபடி முயற்சி செய்யுங்கள். சில சமயம் மூன்றாவது முறை வரும்.

காபி செய்தவுடன் அந்த போல்டரையும் உங்கள் போட்டோ போல்டர்களையும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இன்னொரு பிரதி எடுங்கள். அது சிபியு பக்கத்திலேயே இருந்தால், சிபியு நனையும்போது அதுவும் நனையும். ஊரில் அம்மா வீட்டிலோ, மாடி வீட்டில் இருக்கும் தம்பி வீட்டிலோ கொடுத்து வையுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் இதை முடித்து விட வேண்டும். வல்லம் நண்பர் தன் பிரதியை மாமனார் ஊரில், அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். உள்ளே வைக்க வேண்டாம் என்று சொல்லி இருக்கிறேன்.